கோல் எந்த வாசலால் வருகிறது: டிபென்ஸில் பிழை பார்த்துத் திருத்தும் வழி

ஒரு ரீம் அடுத்தடுத்துக் கோல் வாங்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "உந்த ஸ்ரொப்பரை மாத்து." ஸ்ரொப்பர் என்றால் பின்னுக்கு நடுவில் நின்று மறிக்கும் சென்ரர் பேக். மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுத்த கிழமையும் கோல் அதே வாசலால்தான் வரும். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்கிவருகிறேன். பெரிய ரீம்கள் ஆடும் முறையை ரீவியில் பார்த்து, அப்படியே கொண்டுவந்து எங்கள் பெடியளின் தலையில் கட்டிய காலம் எனக்கும் உண்டு. அதனால் தோற்ற ஆட்டங்கள் பல. அவனவன் காலுக்கும் கண்ணுக்கும் வராத வேலையை அவனிடம் கேட்டுவிட்டுப் பிறகு அவனையே ஏசியிருக்கிறேன் என்று பிடிபட்ட பிறகு எழுதி வைத்த குறிப்புகள் இவை.

பாவிக்கும் விதம் லேசானது. உங்கள் ரீம் கடைசியாக வாங்கிய ஐந்தாறு கோலை எடுங்கள். ஒவ்வொன்றிலும் பந்து எங்கிருந்து கிளம்பியது, கடைசியாக யாரைத் தாண்டியது என்று கொப்பியில் எழுதுங்கள். அநேகமாக இரண்டு மூன்று கோல் ஒரே சாயலில் இருக்கும். அந்தச் சாயல்தான் அறிகுறி. கீழே அதைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு கிழமைக்கு ஒரு திருத்தம் போதும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமற் போய்விடும்.

முதலில் ஒரு பின்னேரம் ஆளை அளவுங்கள்

பின்னுக்கு ஆடுகிற ஒவ்வொருவனிடமும் ஐந்து விசயம் பார்க்க வேண்டும். முப்பது மீற்றர் நேர் ஓட்டம். பிறகு, பந்தைப் பார்த்து நின்றவன் திரும்பி ஓடும் வேகம்: நீங்கள் அவன் தலைக்கு மேலால் பந்தை அடியுங்கள், அவன் திரும்பிப் பதினைந்து மீற்றர் ஓடட்டும். மூன்றாவது, ஒருவனுக்கு ஒருவன் நின்றால் எந்தப் பக்கத்தால் ஏமாறுகிறான். நான்காவது, பக்கத்தில் ஒருவன் இடித்துக்கொண்டு நிற்கத் தலையால் பந்தடிக்கிறானா. ஐந்தாவது, வாய் திறக்கிறானா.

முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். எங்களிடம் ஒரு சென்ரர் பேக்கை "ஆமை" என்றே கூப்பிட்டார்கள். மணிக்கூடு பிடித்துப் பார்த்தபோது நேர் ஓட்டத்தில் அவன் ரீமிலேயே இரண்டாவது. திரும்புவதில்தான் கடைசி. இரண்டு காலையும் சமமாக ஊன்றி, நெஞ்சை நேரே காட்டிக்கொண்டு நிற்பான். திரும்ப மூன்று எட்டு வீணாகும். ஒரு காலைப் பின்னுக்கு வைத்துப் பக்கவாட்டில் நிற்கப் பழக்கினோம். பாதிக் குறை அதிலேயே போய்விட்டது. ஆளை மாற்றியிருந்தால் நல்ல பெடியன் ஒருவனை இழந்திருப்போம்.

அறிகுறி: பந்து தலைக்கு மேலால் போய் விழுகிறது, எதிரணி ஸ்ரைக்கர் தனியே ஓடுகிறான்

யாழ்ப்பாணத்தில் நான் அதிகம் கண்ட வியாதி இது. ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து இறுகி இருக்கும். விழுந்த பந்து ஒருமுறை துள்ளினால் நிற்காது. சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர். இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது ஆள் பின்னுக்கு இல்லை, முன்னுக்கு நிற்கிறான். அந்த நீளப் பந்தை அடித்தவனுக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் யாராவது நின்றானா? தலை நிமிர்த்திப் பார்த்து, ஆறுதலாக அடிக்க விட்டால் எந்த டிபென்ஸும் தாங்காது. பயிற்சியில் சோதியுங்கள்: அடிப்பவனை இரண்டு எட்டுக்குள் நெருக்க ஒருவனை விடுங்கள். நீளப் பந்து பிழைக்கத் தொடங்கினால் பேக்குகளில் குற்றமில்லை. "எங்கட ஸ்ரைக்கர் ஓடமாட்டான், கோல் அடிக்க மட்டும்தான் தெரியும்" என்று சொல்லலாம். எங்களிடமும் அப்படி ஒருவன் இருந்தான். அவனைத் துரத்தச் சொல்லவில்லை. அடிப்பவன் எந்தக் காலால் அடிப்பானோ அந்தக் கால்ப்பக்கம் நாலைந்து எட்டு நகர்ந்து மறைத்துக்கொண்டு நில் என்று மட்டும் சொன்னேன். அது அவனால் முடிந்த வேலை, செய்தான்.

இரண்டாவது, பேக்குகளின் கோடு. அதன் உயரத்தைத் தீர்மானிப்பவன் உங்கள் நான்கு பேரில் மெதுவாகத் திரும்புபவன். வேகமானவனைப் பார்த்துக் கோட்டை ஏற்றினால் மெதுவானவன் மாட்டுவான். 1980களின் கடைசியில் அரிகோ சாக்கியின் ஏசி மிலான், பின் கோட்டுக்கும் முன் கோட்டுக்கும் இடையில் சுமார் 25 மீற்றர் மட்டும் விட்டு முழு ரீமையும் மேலே ஏற்றி ஆடியது. பிராங்கோ பாரேசியும் பாவ்லோ மால்டினியும் பின்னுக்கு, பத்துப் பேரும் ஒன்றாக முன்னேறி நெருக்குவது என்று எல்லாம் சேர்ந்ததால் அது நின்றது. மற்றப் பக்கம், 2015–16இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்ரர் சிற்றியைப் பாருங்கள். வெஸ் மோர்கனும் ரொபேர்ட் ஹூத்தும் வேகக்காரர் இல்லை. அவர்களைப் பொக்ஸுக்கு, அதாவது கோல் வாசலுக்கு முன் கீறிய பெனால்ரிப் பெட்டிக்கு, கிட்டவே நிற்கவிட்டார்கள். பந்து எல்லாம் அவர்களுக்கு முன்னால் வந்து விழுந்தது, தலையால் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு முறையும் சரிதான், ஆனால் ஆட்களை மாற்றிப் போட்டிருந்தால் இரண்டுமே உடைந்திருக்கும்.

உங்கள் கோடு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மெதுவான பேக்கையும் உங்களிடமுள்ள வேகமான முன்கள வீரனையும் நடுக்கோட்டுக்குக் கிட்ட ஒரே கோட்டில் நிறுத்துங்கள். கீப்பர் தன் இடத்தில் நிற்கட்டும். பின்னால் இருந்து ஒருவன் நீளப் பந்து அடிக்கட்டும். பத்துத் தடவை செய்து, எத்தனை தடவை பேக்கோ கீப்பரோ முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஏழுக்குக் குறைந்தால் ஐந்து எட்டுக் கீழே இறக்கித் திரும்பச் செய்யுங்கள். ஏழு வந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் ரீமின் கோடு. எங்களுக்கு அது பொக்ஸுக்கு வெளியே எட்டு எட்டுத் தூரத்தில் வந்தது. சென்ரர் பேக் சோடியை மாற்றியபோது இன்னும் பத்து எட்டு ஏறியது.

மூன்றாவது ஆள் கீப்பர். பேக்குகளுக்குப் பின்னால் கிடக்கும் வெளி அவர்களுக்கும் கீப்பருக்கும் பொதுவான காணி. 1992இல் பின் பாஸைக் கையால் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு கீப்பருக்குக் காலும் வேண்டியதாயிற்று. வெளியே வந்து காலால் வெட்டத் தெரிந்த கீப்பர் இருந்தால் கோட்டை ஏற்றுங்கள். கோல் வாசலில் புலியாகப் பாய்ந்து, வெளியே வரச் சொன்னால் தயங்குகிற கீப்பர் என்றால் கோட்டை இறக்குங்கள். தயங்குகிறவனை ஆட்டத்தன்று "வா, வா" என்று கத்தி வரவழைத்தால் பாதி வழியில் நின்றுவிடுவான். பாதி வழியில் நிற்கும் கீப்பரைவிட ஆபத்தான இடம் மைதானத்தில் வேறில்லை. பழக்கலாம், ஆனால் அதற்கு மாதங்கள் வேண்டும்.

மூன்றையும் பார்த்தும் தீரவில்லையா? இரண்டு சென்ரர் பேக்குகளும் ஒரே வேலையைச் செய்கிறார்களா என்று பாருங்கள். எங்களிடம் ஒருவன் உயரம், தலையால் எல்லாம் எடுப்பான், திரும்பமாட்டான். மற்றவன் கட்டை, மின்னல். இருவரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து, இரண்டு பேரின் குறையையும் சேர்த்து அனுபவித்தோம். இப்போது நெட்டையன் முதல் பந்துக்குப் போவான், கட்டையன் மூன்று எட்டுப் பின்னால் சரிவாக நிற்பான். இது பழைய சங்கதிதான். 1960களில் ஹெலெனியோ ஹெரேராவின் இன்ரர் மிலானில் அர்மான்டோ பிக்கி எல்லாருக்கும் பின்னால் காவல் நின்றார். அந்த முறை செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த 2004இல் ஒட்டோ ரெஹாகலின் கிரீஸ் ஆளுக்கு ஆள் பிடித்து, டெல்லாஸைப் பின்னுக்கு விட்டு ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒருவன் பின்னால் நின்றால் ஓஃப்சைட் பொறி, அதாவது பேக்குகள் ஒன்றாக மேலே ஏறி எதிரணி ஸ்ரைக்கரை ஓஃப்சைட்டில் மாட்டுவது, போய்விடும். காவலா, பொறியா என்று முடிவெடுத்துப் பெடியளுக்குச் சொல்லிவிடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில், கடலோர மைதானங்களிலும் பண்ணைப் பக்கம் துரையப்பா விளையாட்டரங்கிலும் ஒரு பாதி ஆட்டம் ஒரு மாதிரி, மறுபாதி வேறு மாதிரி. எதிரணி காற்றோடு அடித்தால் பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும். கோடு பத்து எட்டு இறங்க வேண்டும். காற்றுக்கு எதிராக அடித்தால் பந்து அந்தரத்தில் நின்று கிட்ட விழும்; நெட்டையன் முன்னேறி எடுக்கலாம். நாணயம் சுண்டும் முன்பே இரண்டையும் பேசி வையுங்கள்.

அறிகுறி: கோட்டை இறக்கினோம், இப்போது பொக்ஸுக்கு வெளியே நின்று அடிக்கிறார்கள்

மேலே சொன்ன மருந்தின் பின்விளைவு. பேக்குகள் இறங்கினார்கள், மிட்ஃபீல்ட் இறங்கவில்லை. இரண்டு கோட்டுக்கும் இடையே பதினைந்து எட்டுக்கு மேல் இருந்தால் அந்த வெளியில் எதிரணியின் நல்ல காலுக்காரன் பாய் விரித்துப் படுப்பான். முன்னுக்கு ஓட ஆசையில்லாத, பந்து பறிக்க ஆசையுள்ள ஒருவன் எல்லா ரீமிலும் இருப்பான். விங்கில் வீணாக நிற்பான். அவனை அங்கே இருத்துங்கள்.

அறிகுறி: ஒரே பக்கத்தால் மட்டும் பிய்த்துக்கொண்டு போகிறார்கள்

எங்கள் ரைற் பேக்கின் கதையைச் சொன்னால் இது விளங்கும். ஒரு சுற்றுப்போட்டியில் இரண்டு ஆட்டத்தில் ஐந்து கோல் அவன் பக்கத்தால் போனது. தகப்பனோடு கடலுக்குப் போய் வலை இழுத்த பெடியன். தோளில் பலம், பிடித்தால் விடமாட்டான். ஆனால் கோட்டோரம் ஓட்டப்போட்டி என்றால் தோற்பான். எதிரணி லெஃப்ற் விங்கர் பந்தை வெளிப்பக்கம் தட்டிவிட்டு ஓடுவான், இவன் பின்னால் துரத்துவான், அங்கிருந்து குறொஸ், கோல். நான் என்ன செய்தேன்? "வெளியால விடாதே" என்று கத்தினேன். எப்படி விடாமல் இருப்பது என்று சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து மணலில் குந்தியிருந்தவன் கேட்டான்: "சேர், வெளியால விடக்கூடாதெண்டா உள்ளுக்கால விடலாமோ?"

அந்தக் கேள்விக்குள்தான் மருந்து இருந்தது. விடலாம். விடத்தான் வேண்டும். பேக் ஒருவன் இரண்டு பக்கத்தையும் அடைக்க முடியாது. ஒன்றை அடைத்து மற்றதைத் திறந்துவிடுகிறான். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பது அவன் காலையும் பக்கத்தில் நிற்பவனையும் பொறுத்தது. மெதுவானவன் என்றால் கோட்டுப்பக்கமாக நின்று வெளி வழியை அடைத்து, விங்கரை உள்ளே தள்ளட்டும். உள்ளே பந்து பறிக்கிற மிட்ஃபீல்டர் காத்திருக்க வேண்டும். விங்கர் இடக்காலன் என்றால் இன்னும் நல்லது, உள்ளே வந்ததும் பழக்கமில்லாத வலக்காலுக்குப் பந்து போகும். பேக் வேகமானவன், ஆனால் உள்ளே துணை இல்லை என்றால் மறுதலை: உட்பக்கத்தை அடைத்துக் கோட்டோரம் ஓடவிடுங்கள், வெளிக்கோடு இன்னொரு பேக் மாதிரி.

குரும்பட்டியும் பனங்கொட்டையும் வைத்து மணலில் இதைக் காட்டினேன். குரும்பட்டி நாங்கள், பனங்கொட்டை அவர்கள். பெடியளுக்குப் பலகையில் கீறிக் காட்டுவதைவிட இது வேகமாக ஏறும். அவர்களே கையால் நகர்த்திப் பார்ப்பார்கள். மிட்ஃபீல்டரின் குரும்பட்டியை ரைற் பேக்கே எடுத்துத் தனக்குக் கிட்ட வைத்தான். அடுத்த ஆட்டத்தில் விங்கரை நாலு தடவை உள்ளே தள்ளினான். உள்ளே வந்தவன் இவன் தோளுக்கும் மிட்ஃபீல்டருக்கும் இடையில் மாட்டினான். அந்தத் தோளுக்கு அன்றைக்குத்தான் வேலை கிடைத்தது.

இதே அறிகுறிக்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கலாம். பேக் விழுந்து வெட்டுகிற பழக்கக்காரனா? முதல் அசைவுக்கே காலை விடுகிறவனைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவனுக்கு ஒருவன் ஆடவிடுங்கள். கை இல்லாதபோது காலை நம்பி நிதானமாக நிற்கப் பழகுவான். அல்லது முன்னால் நிற்கும் உங்கள் விங்கர் திரும்பி வருவதில்லையா? கோல் அடிக்கிறவன் என்பதால் அவனைத் தொட மனம் வராது. அப்படியானால் அவனை மற்றப் பக்கம் மாற்றுங்கள், துணை தேவைப்படாத பேக்கின் முன்னால் நிற்கட்டும்.

எதுவும் பொருந்தாவிட்டால் முறையையே மாற்றலாம். 2016 செப்டெம்பரில் ஆர்சனலிடம் 3–0 என்று தோற்ற பிறகு செல்சியின் பயிற்சியாளர் அன்ரோனியோ கொன்ரே நான்கு பேக்கை விட்டு மூன்று பேக்குக்குப் போனார். ஓரப் பேக்காக இருந்த அஸ்பிலிகுவேற்றா மூவரில் ஒருவரானார், விங்கர் விக்ரர் மோசஸ் வலப்பக்கம் முழுவதும் ஏறி இறங்கும் வேலைக்கு வந்தார். தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்று, அந்தப் பருவத்தின் கிண்ணத்தையும் எடுத்தார்கள். உங்களிடம் சென்ரர் பேக் மாதிரி ஆடுகிற ஓரப் பேக்கும், களைக்காமல் ஓடுகிற விங்கரும் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். ஓடுகிற விங்கர் இல்லாமல் செய்தால் ஐந்து பேர் பின்னுக்கு நின்று அடி வாங்குவதில்தான் முடியும்.

அறிகுறி: ஓஃப்சைட் பொறி வைக்கிறோம், ஒருவன் மட்டும் பின்னால் நின்றுவிடுகிறான்

1925இலிருந்து சட்டம் இதுதான்: பந்து அடிபடும்போது தாக்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் இருவர் இருக்க வேண்டும். கீப்பர் வழக்கமாக ஒருவர், மற்றவர் உங்கள் கடைசிப் பேக். 1990இலிருந்து அந்தக் கடைசிப் பேக்கோடு சமமாக நின்றாலும் ஓஃப்சைட் இல்லை. ஒருவன் ஒரு எட்டுப் பின்னால் நின்றாலே பொறி செத்தது. நிற்கிறவன் அநேகமாக ஒழுங்கையிலும் வளவிலும் ஆடி வளர்ந்தவன். அங்கே ஓஃப்சைட் பார்க்க யார் இருந்தார்கள்? தன் ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவனுக்குத் தெரிந்த நேர்மை. அவனை ஏசாதீர்கள். ஆளைப் பிடிக்கிறதில் கெட்டிக்காரன் என்றால் எதிரணியின் ஆபத்தான ஸ்ரைக்கரை முழுநேரமும் அவனிடம் கொடுத்து, பொறியைக் கைவிடுங்கள். பொறிதான் வேண்டும் என்றால் வாய் திறக்கிறவன் கோட்டின் நடுவில் நின்று "ஏறு" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் அவன் குரலுக்கு மட்டும் அசைய வேண்டும். வாய் திறக்கிறவன் யாருமில்லாத ரீம் பொறி வைக்கவே கூடாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: த்ரோவுக்கும் கோல் கிக்குக்கும் கோணருக்கும் ஓஃப்சைட் இல்லை. த்ரோவுக்குக் கோடு ஏறிப் போய்க் கோல் வாங்கிய பெரிய ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: குறொஸ் வந்தால் தலையால் அடித்துவிடுகிறார்கள், எங்கட பெடியள் கட்டை

உயரம் குறைந்தால் நிற்கும் இடம் திருந்த வேண்டும். 2006 உலகக் கிண்ணத்தை எடுத்த இத்தாலியின் தலைவர் ஃபாபியோ கன்னவாரோ ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். அந்த வருசம் பலோன் டோர் விருதும் அவருக்கே. அவர் பந்து கிளம்பும் முன்பே இடத்தில் நிற்பவர், நேரம் பார்த்து எழும்புபவர்.

உங்கள் பேக்கு பந்தை மட்டும் பார்க்கிறானா, தன் ஆளையும் பார்க்கிறானா என்று கவனியுங்கள். கோல் விழுவது பெரும்பாலும் தூரத்துக் கம்பத்தில், பேக்கின் முதுகுப்பக்கத்தில்தான். இரண்டையும் பார்க்கும்படி உடலைத் திறந்து நிற்கப் பழக்குங்கள். அதோடு, எழும்ப முடியாதவன் தன் ஆள் எழும்ப முன் அவன் ஓடும் பாதையில் போய் நின்றால் போதும். கையால் பிடித்து இழுக்காமல். பொக்ஸுக்குள் இழுத்தால் 11 மீற்றரில் பெனால்ரி.

அறிகுறி: கோணரில் மட்டும் வாங்குகிறோம்

ஆளுக்கு ஆளா, இடத்துக்கு ஆளா என்று வாதாடுவதில் நேரம் போக்காதீர்கள், இரண்டையும் கலவுங்கள். தலையால் அடிக்கிற மூன்று பேரைச் சின்னப் பொக்ஸ் கோட்டில், அதாவது கோலிலிருந்து 5.5 மீற்றரில், கிட்டக் கம்பத்திலிருந்து நடுவரை இடம் பார்க்க விடுங்கள். பிடிவாதக்காரர்கள் எதிரணியின் உயரமான ஆட்களைப் பிடிக்கட்டும். உங்கள் வேகமான கட்டையனை நடுக்கோட்டில் விடுங்கள், அவனுக்காக எதிரணி இரண்டு பேரைப் பின்னுக்கு வைக்கும்.

அறிகுறி: கடைசிக் கால் மணித்தியாலத்தில் இடிந்து விழுகிறோம்

உடம்புக்குத் தண்ணியும் ஓட்டமும் காணாது என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். தெரியாத காரணம், ஒரே ஆள் இரண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டிருப்பது. மேலே சொன்ன எல்லாத் திருத்தத்திலும் யாரோ ஒருவனின் குறையை இன்னொருவன் மூடுகிறான். எங்கள் கட்டையன் நெட்டையனை மூடினான், மிட்ஃபீல்டர் ரைற் பேக்கை மூடினான். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் மூடுகிறவன் களைத்துவிடுவான், மூடப்பட்டவன் வெளியே தெரிவான். ஊர் அவனை ஏசும். அதனால் முதல் மாற்றீட்டை மூடுகிறவனுக்கு வையுங்கள். எங்கள் மிட்ஃபீல்டர் இடுப்பில் கை வைக்கத் தொடங்கினால் ரைற் பேக்கே பெஞ்சைப் பார்த்துக் கை காட்டுவான், "சேர், இவனை மாத்துங்கோ, எனக்கு ஆள் வேணும்" என்று.